சூசைநாதன் போட்ட சாட்சிக் கையெழுத்து

மைசூர் காந்திநகரில் சூசைநாதன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கழுகுக்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். பதினைந்து வருஷத்தில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். மனைவி ஜேன் ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பிள்ளைகள் இல்லை.

சூசைநாதன் பிறந்தது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளியில். கன்னடம் பள்ளிக்கூடத்தில் படித்தார், தமிழ் வீட்டிலும் கோயிலிலும் வந்தது. ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டதால் ஆங்கிலத்தில் மருந்துக் குப்பிகளின் பெயரைத் தவிர வேறெதையும் அவரால் வாசிக்க முடியாது. இருபத்து மூன்று வயதில் மைசூருக்கு வந்து ஒரு மாட்டு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்தார். டாக்டரின் ஸ்கூட்டரில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் போவார். மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலும், கால் நொண்டினாலும், மடி வீங்கினாலும் பெரும்பாலும் ஒரே வலி மருந்துதான். படுத்துக் கிடந்த மாடு கொஞ்ச நேரத்தில் எழுந்து தீவனம் தின்னும். மாட்டுக்காரர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

பதினாலு வருஷம் அந்த வேலையைச் செய்தபின் 2009இல் ஒருநாள் ரத்தினவேல் என்பவர் டாக்டரின் மாட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மார்டள்ளிக்குப் பக்கத்து ராமாபுரத்துக்காரர், மைசூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், சூசைநாதனின் வயதுதான். டாக்டர் வெளியே போயிருந்தார். மாடுகளுக்கு எந்த ஊசி போடுகிறீர்கள் என்று ரத்தினவேல் கேட்க, சூசைநாதன் பெட்டியைத் திறந்து குப்பியைக் காட்டினார். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ரத்தினவேல் நிதானமாக விளக்கினார். மாட்டுக்கு இந்த மருந்து கூடாதென்று அரசாங்கம் மூன்று வருஷத்துக்கு முன்பே தடை போட்டுவிட்டது, மனிதருக்கு விற்கும் குப்பியை வாங்கி இன்னும் போடுகிறீர்கள். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துவிட்டால், அதைத் தின்கிற பிணந்தின்னிக் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். கழுத்து தொங்கிப்போய் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும், பிறகு விழுந்துவிடும். நூறு கழுகு இருந்த இடத்தில் இப்போது ஒன்று இருந்தால் அதிகம்.

 மறுநாள் சூசைநாதன் கல்லூரி வாசலில் போய் நின்றார்.

“நான் போட்ட ஊசிக்குக் கணக்கே இல்லீங்க வாத்தியாரே,” என்றார்.

“தெரியாமப் போட்டது,” என்றார் ரத்தினவேல். “இனி எங்கூட வா. தெரிஞ்சவன் செய்யற வேலையச் செய்யலாம்.”

அந்த ஒரு பேச்சில் சூசைநாதன் அவருக்கு ஆளாகிவிட்டார். வேலையை விட்டார். இரண்டு வருஷத்தில் ரத்தினவேல் சரஸ்வதிபுரத்தில் தன் வீட்டு மாடியிலேயே ஒரு டிரஸ்ட் தொடங்கினார். கழுகு படம் போட்ட பலகையை ஏணியில் ஏறி மாட்டியவர் சூசைநாதன். வாத்தியார் வேலுவானார், சூசைநாதன் சூசையானார்.

ரத்தினவேல் கட்டுரை எழுதுவார், கூட்டங்களில் பேசுவார். ஊர் ஊராகப் போவது சூசைநாதனின் பங்கு. வாரத்தில் நான்கு நாள் ஹனூர்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் இருப்பார். மருந்துக்கடைகளில் போய்ப் பேசுவார். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களிடம், இதற்குப் பதிலாகக் கழுகைக் கொல்லாத மருந்து இருக்கிறது என்று குப்பியைக் காட்டுவார். தானே அந்த ஊசியைப் போட்டவன் என்பதை எந்த ஊரிலும் அவர் மறைத்ததில்லை. அதைக் கேட்டுத்தான் பலபேர் அவரை நம்பினார்கள்.

நம்பியவர்கள் கிராமத்துக்காரர்கள். மைசூரில் அப்படியில்லை. தசரா பொருட்காட்சியில் டிரஸ்டுக்கு ஒரு சின்ன இடம் கிடைக்கும். அம்பாரி யானைகளின் பெயர், எடை, எது சாது, எது முரடு என்று ஒப்பிக்கிற ஊர் அது. யானைகள் ஒத்திகை நடக்கிற தெருவில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள், கழுகுப் படத்தின் முன்னால் அரை நிமிஷம் நிற்கமாட்டார்கள். ஒரு வருஷம் ஒரு சிறுமி நின்று, இது என்ன தின்னும் என்று கேட்டாள். செத்த மாடு என்றார் சூசைநாதன். அவள் அம்மா அவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறொருவர் வீட்டுக்கூரையில் கழுகு உட்கார்ந்தால் தோஷம் என்று சொல்லி, இதைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். செத்த மாடு அழுகிக் கிடந்தால் நாய் பெருகும், நாய்க்கடி பெருகும், தண்ணீர் கெடும் என்று சூசைநாதன் சொல்லச் சொல்ல அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்குப் போய்ப் புலிப் படம் போட்ட சாவிக்கொத்து வாங்கினார்.

கழுகுப் படம் காட்டிப் பேசப் போன ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அவரைத் தனியே அழைத்து, அடுத்த தடவை வேறு படம் கொண்டுவாருங்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஜேன் சிரிக்கவில்லை.

“எங்க ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். குழந்தைங்க வார்டுக்குப் பொம்மை, கேக்குன்னு தூக்கிட்டு வர்றாங்க. படுக்கைப்புண்ணு வந்த கிழவருங்க இருக்கற வார்டு அதே மாடிதான். யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க.”

பின்னால் செத்த மாடுகளை இழுக்கத் தொடங்கியபோது அவருடைய உடுப்பில் ஒட்டிவந்த நாற்றத்தையும் ஜேன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

2017இல் லிங்கப்பன் கிடைத்தார். கோபிநத்தத்துக்குப் போகிற வழியில் காட்டோரமாக ஒரு சிற்றூரில் முப்பது மாடு வைத்திருந்தவர். அவருக்குப் பாறையும் முள்ளுமாக மூன்று ஏக்கர் புன்செய் இருந்தது. ஊரில் சாகிற மாடுகளை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று அவர் டிரஸ்டுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார். சூசைநாதன் அலைந்து வனத்துறை அனுமதியையும் வாங்கினார். மாடு செத்தால் அவருக்குத்தான் முதல் போன் வரும். கடைசிப் பத்து நாளில் என்ன ஊசி போட்டீர்கள் என்று குடைந்து கேட்பார். சந்தேகம் இருந்தால் அந்த மாட்டைக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்வார். சுத்தமான மாட்டை மட்டும் நாலு பேரோடு சேர்ந்து தானும் கயிறு பிடித்து அந்த நிலத்துக்கு இழுத்துப்போவார்.

பதினாலு மாசம் நாயும் காக்கையும்தான் வந்தன. ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு முதுகில் வெள்ளை தெரிய இரண்டு கழுகுகள் இறங்கின. சூசைநாதன் பாறைக்குப் பின்னால் படுத்திருந்தார். அவை இறக்கையை மடக்கிக்கொண்டு தத்தித் தத்தி நடந்து வந்ததைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த நான்கு வருஷத்தில் பதினொன்றாயின. ஓடைக்கரை நீர்மருது மரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியது. ஆள்கள் வந்து மொய்த்துவிடக்கூடாதென்று கூடு இருக்கும் இடத்தை அவர் இரண்டே பேருக்குச் சொன்னார். ஒருவர் லிங்கப்பன், மற்றவர் ரத்தினவேல்.

2023 கோடையில் அதே பக்கத்தில் ஒரு யானைக்குட்டி தாயை விட்டுப் பிரிந்து வாய்க்கால் சேற்றில் மாட்டிக்கொண்டது. வனத்துறை வருவதற்குள் ஊர்க்காரர்களும் சூசைநாதனும் சேர்ந்து அதைக் கரையேற்றினார்கள். அது எழ முயன்று வழுக்கி உட்கார்ந்ததையும், சூசைநாதன் வாளியால் தண்ணீர் ஊற்றியதும் தும்பிக்கையால் அவர் காலைச் சுற்றியதையும் அவரோடு வந்திருந்த டிரஸ்ட் ஆள் ஒருவர் படம் பிடித்தார். குட்டியை வனத்துறை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. படம் மட்டும் டிரஸ்டிடம் இருந்தது. ஒரு வாரத்தில் அதை எத்தனையோ லட்சம் பேர் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் வராத கடிதங்கள் பன்னிரண்டு நாளில் வந்தன. குட்டிக்குப் பெயர் வைக்கப் போட்டி நடந்தது. பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. சூசைநாதனுக்கும் சந்தோஷம்தான். அந்தக் குட்டியின் மேல் அவருக்கும் பாசம் இருந்தது. இனி கழுகுப் பக்கமும் நாலு பேர் திரும்புவார்கள் என்று ஜேனிடம் சொன்னார்.

அடுத்த ஜனவரியில் ரத்தினவேல் அவரை அழைத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கத்தைக் கொடுத்தார். லிங்கப்பனின் நிலத்து ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் ஒன்பது வருஷத்துக்கு நீட்டித்துவிடலாம், கையெழுத்து வாங்கி வா என்றார். கடைசிப் பக்கத்தில் சாட்சியாக நீயும் போட்டுவிடு என்றார். ஒன்பது வருஷம் என்றதும் சூசைநாதனுக்குக் குதிக்கலாம்போல் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த மனைவி இருந்தாள். அவளிடம் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேலு கொடுத்த காகிதம்.

லிங்கப்பன் காகிதத்தை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்னங்க எழுதியிருக்குது?”

“பழசுதானுங்க. ஒம்பது வருசத்துக்கு நீட்டியிருக்குது, அவ்வளவுதான்.”

“நீங்க சொன்னாச் சரிங்க,” என்று லிங்கப்பன் கையெழுத்துப் போட்டார். சூசைநாதன் கீழே போட்டார்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சூசைநாதன் மைசூரில் இருந்தபோது லிங்கப்பனிடமிருந்து போன் வந்தது. நிலத்தில் ஜேசிபி நிற்கிறது, எலும்பையெல்லாம் வாரிக் குழியில் தள்ளுகிறார்கள் என்றார். சூசைநாதன் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து வேறு வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. பாறையை உடைத்துக் கொண்டிருந்தார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு. மேஸ்திரி ஒரு வரைபடத்தைக் காட்டினார். பள்ளிப்பிள்ளைகள் வந்து காட்டு யானை பார்க்க உயரமான கோபுரம், யானைகளைப் பற்றிய கண்காட்சிக் கூடம், வண்டி நிறுத்துமிடம். பெங்களூரில் ஒரு கம்பெனி கட்டித் தருகிறது. நீர்மருது மரம் அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கூட்டில் குஞ்சு இருந்தது, இறகு முளைத்து இன்னும் ஒரு மாதத்தில் பறந்துவிடக்கூடிய குஞ்சு.

எதை வைத்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது மேஸ்திரி அந்த நாலு பக்கத்தின் நகலைக் கொடுத்தார்.

மைசூர் வீட்டில், ராத்திரி டியூட்டி முடிந்து மறுநாள் காலையில் வந்த ஜேன், காலணியைக்கூடக் கழற்றாமல் அதை வாசித்தாள். நிலம் யானை மையத்துக்கு ஒன்பது வருஷம் கொடுக்கப்படுகிறது. செத்த கால்நடைகளை அங்கே போடுவது உடனே நிறுத்தப்படும். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவள் குரல் தணிந்தது.

“இந்த நிபந்தனை எல்லாத்தையும் நான் நிலத்துக்காரருக்குத் தமிழ்ல முழுசா விளக்கிச் சொன்னேன், அவர் புரிஞ்சிக்கிட்டார்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் உங்க கையெழுத்து.”

சூசைநாதன் மறுபடி வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சரஸ்வதிபுரத்துக்கு நடந்தே போனார்.

மாடியில் ரத்தினவேல் தனியாக இருந்தார். நகலைப் பார்த்ததும் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இத்தன வருசமாக் கழுகு கழுகுன்னு கத்துனோம் சூச. எவன் நின்னு கேட்டான்? யானைக்குட்டி வழுக்கி விழுந்ததப் பாத்து ஊரே அழுவுது. அதக் கையில வெச்சிக்கிட்டு நான் சும்மா இருக்கோணுமா?”

“யானைக்கு வேற எடமே கெடைக்கலயா?”

“கம்பெனிக்காரங்களுக்கு அந்த எடந்தான் புடிச்சுது. நாத்தம் மட்டும் கூடாதுன்னுட்டாங்க.”

“கூட்டுல குஞ்சு இருக்குது. உனக்குத் தெரியும்.”

ரத்தினவேல் நகலை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே வேலு.”

“சொன்னா நீ லிங்கப்பன்கிட்டப் போயிருக்க மாட்ட. நீ போகாட்டி அவன் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.”

இதைச் சொன்னபோது ரத்தினவேலின் குரலில் கோபமோ வெட்கமோ இல்லை. பாடம் நடத்துகிற குரல். சூசைநாதன், அந்தப் பறவை அழிவதைப் பற்றி உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று கேட்டார்.

“மெய்யாலுமே சொல்லட்டா? எனக்கு அது என்னைக்கும் புடிச்சதில்ல. அதனால என்ன நல்லதுன்னு மணிக்கணக்காப் பேசுவேன். பேசறதெல்லாம் நெசந்தான். ஆனாப் பாசம் வரலயே. அதோட மொகத்தப் பாத்தா யாருக்கு வரும்? உனக்கு வந்துச்சு. அது எப்படின்னு எனக்கு இன்னைக்கும் புரியல.”

சூசைநாதன் எழுந்து அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினார். தன்னை ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன் என்று பின்னால் ஜேனிடம் சொன்னார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் முகம் திருப்பிக்கொண்டு போனபோதெல்லாம் பக்கத்தில் நின்று, விடு சூச, இவர்களுக்கு என்ன தெரியும் என்று தோளைத் தட்டியவனும் அந்த ஜனங்களில் ஒருவனாகவே இருந்திருக்கிறான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குப்பின் ஒன்பது நாள் அவர் ஓடைக்கரையில் இருந்தார். வனக்காவலர் வந்து கோபுர வேலையை நிறுத்தச் சொன்னார். நிலம் தனியாருடையது, காகிதம் சரியாக இருக்கிறது என்றார்கள் கம்பெனி ஆட்கள். பாறைக்கு வெடி வைத்த நாளன்று கூட்டுக் கழுகுகள் இரண்டும் எழுந்து வெகுநேரம் வட்டமடித்தன. ஒன்று சாயங்காலம் திரும்பி வந்தது. மறுநாளும் வெடி வைத்தார்கள். அதன்பின் அதுவும் வரவில்லை. ஏழாவது நாள் குஞ்சு கூட்டின் விளிம்பில் படுத்திருந்தது. ஒன்பதாவது நாள் மரத்தடியில் கிடந்தது. வனக்காவலர் அளந்து எழுதிக்கொண்டார். சூசைநாதன் மைசூரில் தனக்குத் தெரிந்த நாலு பத்திரிகைக்காரர்களுக்குப் போன் செய்தார். ஒருவர் படம் இருக்கிறதா என்று கேட்டார். அனுப்பினார். இதைக் காலைக் காப்பியோடு யார் பார்ப்பார்கள் சார், என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். செய்தி வரவில்லை.

ஊரில் லிங்கப்பன் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். டீக்கடையில், மைசூர்க்காரன் வாத்தியாரோடு சேர்ந்து நிலத்தை வளைத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். மறுக்க வழியில்லை, அவருடைய கையெழுத்து இருந்தது. ஜேன் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் வரிவரியாகத் தமிழில் சொல்ல, அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் புறப்பட்டுப் போனார்கள். லிங்கப்பன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சூசைநாதன் நின்றபடியே நோட்டைப் பிரித்து முதல் வரியிலிருந்து வாசித்தார். நடுவில் லிங்கப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தமிழில் முழுவதும் விளக்கிச் சொன்னேன் என்ற வரியையும் சூசைநாதன் விடாமல் வாசித்தார்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேனுங்க,” என்றார் லிங்கப்பன்.

“தெரியுமுங்க. அன்னைக்கு எனக்கே தெரியாது.”

“நெசமாவே தெரியாதா?”

“தெரியாதுங்க.”

லிங்கப்பன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜேனிடம் திரும்பி, உட்காரச் சொன்னார். சூசைநாதனிடம் சொல்லவில்லை.

கொள்ளேகாலில் லிங்கப்பன் போய்ப் பார்த்த ஒரு வக்கீல், ஒப்பந்தத்தை உடைக்க வழி இருக்கிறது என்றார். ஆனால் சாட்சி கோர்ட்டில் வந்து, எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, நான் எதையும் விளக்கவில்லை, எழுதியிருப்பது பொய் என்று சொல்ல வேண்டும். ரத்தினவேலின் பெயரையும் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்து ரத்தினவேல் போன் செய்தார். கோர்ட்டில் உன்னைத்தான் முட்டாளாக்குவார்கள், வேண்டாம் என்றார். ஆக்கட்டும் என்று சொல்லிச் சூசைநாதன் போனை வைத்துவிட்டார். லிங்கப்பன் போட்ட வழக்கில் சென்ற ஆண்டு ஆகஸ்டில் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல், இத்தனை வருஷம் ஒரு டிரஸ்டில் இருந்தும் உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதா என்று சிரித்தபடி கேட்டார். தெரியாது என்றார். படிக்காமலே கையெழுத்துப் போடுவீர்களா என்றார். அந்த மனிதர் கொடுத்தால் போடுவேன் என்று சூசைநாதன் ரத்தினவேலைக் காட்டினார். ரத்தினவேல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கோபுரம் கட்டி முடித்துவிட்டார்கள். சனி, ஞாயிறு பள்ளி வண்டிகள் வருகின்றன. சூசைநாதன் மைசூரில் ஒரு கால்நடை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். தடை செய்த மருந்தைக் கேட்டு வருகிறவர்களை அங்கேயே உட்காரவைத்துப் பேசுகிறார். முதலாளிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லிங்கப்பனின் ஊர்ப்பக்கம் போகிறார். ஓடைக்கு அக்கரையில் சித்தம்மா என்பவர் தன் மேட்டு நிலத்தில் மாடு போடச் சம்மதித்திருக்கிறார். லிங்கப்பன் சொல்லித்தான் என்று கேள்விப்பட்டார். லிங்கப்பன் இவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுவரை அங்கே மூன்று மாடு போட்டாகிவிட்டது. நாய்கள் வந்தன. போன மாதம் ஒரு கழுகு மிக உயரத்தில் கடந்து போனது. இறங்கவில்லை.